இருப்பிடம் கூறும் வானொலியும் இணைய வாயிலும்



பொழுது சாய்ந்த பின்னும் வீடு திரும்பாத பிள்ளையை எண்ணி வாயிலில் நிற்கும் அன்னை முதலில் கேட்கும் வினா யாது? "என் பிள்ளை எங்கே இருக்கிறான்?" என்பதே அது. கடலுக்குச் சென்ற மீனவரின் குடும்பமும், மலையேறச் சென்றவரின் நண்பரும் இதே வினாவைத்தான் கேட்கின்றனர். இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்; உதவி செய்யவும் வழி பிறந்துவிடும்.

இந்த வினாவுக்கு விடை கூறுவதற்கென்றே உலகெங்கும் ஆயிரக்கணக்கான சிறு வானொலி நிலையங்கள் இரவு பகலாக இயங்கி வருகின்றன. அவற்றை நடத்துவோர் அரசாங்க அலுவலரும் அல்லர். கூலி பெறுவோரும் அல்லர். தத்தம் வீட்டின் கூரைமேல் ஒரு கம்பியை நட்டு, பிறர் விடுக்கும் இருப்பிடச் செய்தியைக் கேட்டு, அதனை இணையத்தில் சேர்க்கும் பொழுதுபோக்கு வானொலியாளரே அவர்கள். அவர்களுடைய பணி எத்தகையது, அதன் அடிப்படை யாது என்பதை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

கேட்கும் காது இருந்ததால் பிழைத்தவர்கள்

முதலில் வரலாற்று நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்வோம். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் அட்லாண்டிக் கடலில் பனிப்பாறை ஒன்றில் மோதியது. கப்பலின் கம்பியில்லாத் தந்தியாளர்கள் தங்கள் கப்பல் இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு உதவி கோரிச் செய்தி விடுத்தனர்.

கலிபோர்னியன் என்னும் கப்பல் மற்றக் கப்பல்களைவிட அருகில் நின்றது. ஆனால் அதில் இருந்த ஒரே தந்தியாளர், விபத்து நிகழ்வதற்குச் சற்று முன்னர்தான் தம் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார். ஏறத்தாழ 107 கிலோமீட்டர் தொலைவில் சென்றுகொண்டிருந்த கார்பேத்தியா என்னும் கப்பலின் தந்தியாளர் ஹெரால்டு காட்டம் என்பவரோ இன்னும் விழித்திருந்தார். அவருடைய காதில் செய்தி விழுந்தது. கார்பேத்தியா விரைந்து சென்றது. படகுகளில் தத்தளித்த 700-க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர்.

இந்நிகழ்ச்சி நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. ஒருவர் தம் இருப்பிடத்தைக் கூறினால் மட்டும் போதாது. அதைக் கேட்பதற்கு மற்றொருவர் விழித்திருத்தல் வேண்டும். இது முதற்பாடம். டைட்டானிக் அறிவித்த இடத்திற்கும், 1985-ஆம் ஆண்டில் அக்கப்பலின் சிதைவு கண்டெடுக்கப்பட்ட இடத்திற்கும் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வேறுபாடு இருந்தது. கூறும் இருப்பிடம் சரியானதாகவும் இருத்தல் வேண்டும் என்பது இரண்டாம் பாடம். இவ்விரண்டு பாடங்களையும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தான் அறிவது வேறு, பிறருக்கு அறிவிப்பது வேறு

இக்காலத்தில் இருப்பிடத்தைச் சரியாக அறிவது எளிது. பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. அவை அனுப்பும் நேரக் குறிப்புகளைப் பெற்று, கையடக்கக் கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

பலர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் நம்மைக் காண்பதில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. அது பேசுகிறது, நம் கருவி கேட்கிறது, அவ்வளவே. ஆகவே, காட்டில் வழி தவறிய ஒருவரின் கையில் ஜி.பி.எஸ். கருவி இருந்தால் அவருக்குத் தம் இடம் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அந்த இடத்தைப் பிறருக்குக் கொண்டு செல்லத் தனியே ஒரு வழி வேண்டும். கைப்பேசிக் கோபுரம் உள்ள இடத்தில் கைப்பேசி அவ்வழியாகும். கோபுரத்தின் எல்லைக்கு அப்பாலோ, கோபுரம் பழுதுற்ற வேளையிலோ வானொலி அலையே துணையாகும்.

இருப்பிடத்தை எண்களால் எவ்வாறு கூறுவது? இதற்குப் புவியியல் பாடத்தில் நாம் கற்ற அட்சரேகையும் தீர்க்கரேகையும் உதவுகின்றன. கோலாலம்பூர் நகரம் வட அட்சம் 3 பாகை 9 கலையிலும், கிழக்குத் தீர்க்கம் 101 பாகை 42 கலையிலும் அமைந்துள்ளது. பாகையை டிகிரி என்றும், கலையை நிமிடம் என்றும் கூறுவர். அட்சரேகையில் ஒரு கலை என்பது தரையில் 1,852 மீட்டர், அதாவது ஒரு கடல் மைல். கலையின் நூற்றில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 18.5 மீட்டர். நாம் கூறவிருக்கும் வானொலி முறையில் இடத்தை இந்த நூற்றில் ஒரு பங்கு வரையில் குறிப்பிடுகின்றனர். ஒரு வீட்டையும் அதன் முற்றத்தையும் அடையாளம் காண இந்த நுட்பம் போதுமானது.

யார் இந்த வானொலியாளர்?

வருவாய் கருதாமல், அறிவு வளர்ச்சிக்காகவும் நட்புக்காகவும் பொதுத் தொண்டுக்காகவும் சொந்தமாக வானொலி நிலையம் வைத்திருப்போரை அமெச்சூர் வானொலியாளர் என்பர். 'ஹாம்' என்பது அவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயர். அவர்கள் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று, அரசாங்கத்தின் உரிமம் பெற்ற பின்னரே ஒலிபரப்பலாம். மலேசியாவில் தொடர்பு, பல்லூடக ஆணையமும், சிங்கப்பூரில் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமும் இவ்வுரிமத்தை வழங்குகின்றன.

உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத அழைப்புக்குறி ஒன்று உண்டு. தீபகற்ப மலேசியாவில் 9எம்2 என்றும், சபாவில் 9எம்6 என்றும், சரவாக்கில் 9எம்8 என்றும், சிங்கப்பூரில் 9வி1 என்றும் தொடங்கும் அழைப்புக்குறிகள் வழக்கில் உள்ளன. குறியின் முதற்பகுதியைக் கேட்டவுடனே பேசுபவர் எந்நாட்டவர் என்பதை அறிந்துகொள்ளலாம்.

முறையை வகுத்தவர்

இருப்பிடத்தை வானொலியில் தானே அறிவிக்கும் முறைக்கு ஏ.பி.ஆர்.எஸ். என்பது பெயர். இதனை வகுத்தவர் அமெரிக்க நாட்டின் பாப் புருனிங்கா என்னும் பொறியாளர். மேரிலாந்து மாநிலத்தின் அன்னாபொலிஸ் நகரில் உள்ள கடற்படைக் கல்லூரியில் அவர் பணியாற்றினார். 1982-ஆம் ஆண்டில், கடற்படைக் கப்பல்களின் இருப்பிட அறிக்கைகளை ஆப்பிள் கணினியின் திரையில் வரைபடமாகக் காட்டும் நிரல் ஒன்றை அவர் எழுதினார். 1984-ஆம் ஆண்டில் 100 மைல் தொலைவுக் குதிரைப் பந்தயம் ஒன்றில், குதிரைகள் எவ்விடத்தை அடைந்தன என்பதை அறிவிக்க அம்முறையை விரிவாக்கினார். கப்பலுக்குப் பயன்பட்ட கருத்து குதிரைக்கும் பயன்பட்டது. பின்னர் 1990-களில் ஜி.பி.எஸ். கருவியின் விலை குறையவே, மோட்டார் வண்டியும் படகும் பலூனும் தம் இடத்தைத் தாமே கூறத் தொடங்கின.

வண்டிகளைப் பின்தொடர்வது மட்டும் இம்முறையின் நோக்கமன்று என்று புருனிங்கா இறுதிவரை வலியுறுத்தி வந்தார். ஒரு வட்டாரத்தில் இருப்போர் அனைவரும் அங்கே அந்நேரத்தில் நடப்பனவற்றை ஒருவருக்கொருவர் உடனே தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கருத்து. அவர் 2022-ஆம் ஆண்டில் காலமானார். அவர் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் வாழ்ந்துவருகிறது.

செய்தி எவ்வாறு புறப்படுகிறது?

இனி, ஓர் இருப்பிட அறிக்கையின் பயணத்தை அடியொற்றிச் செல்வோம்.

மோட்டார் வண்டி ஒன்றில் ஜி.பி.எஸ். கருவியும், சிறு வானொலிப் பெட்டியும், அவற்றை இணைக்கும் மோடமும் இருப்பதாகக் கொள்வோம். வண்டியின் அழைப்புக்குறி, அட்சம், தீர்க்கம், செல்லும் திசை, வேகம், 'இது மோட்டார் வண்டி' என்பதைக் காட்டும் ஓர் அடையாளம் ஆகிய யாவற்றையும் மோடம் ஒரு சிறு செய்திப் பொதியாகக் கட்டுகிறது. கணினி மொழியில் யாவும் சுழியமும் ஒன்றுமே அல்லவா? அவ்விரண்டையும் குறிக்க இரண்டு ஒலிகள் பயன்படுகின்றன. ஓர் ஒலி நொடிக்கு 1,200 முறை அதிர்வது; மற்றொன்று நொடிக்கு 2,200 முறை அதிர்வது. வானொலியில் கேட்டால் தவளை கத்துவது போன்ற ஒரு கரகரப்பு எழுந்து உடனே அடங்கிவிடும்.

நொடி ஒன்றுக்கு 1,200 துணுக்குகள் என்னும் வேகத்தில் இச்செய்தி செல்கிறது. ஓர் எழுத்துக்கு 8 துணுக்குகள். எனவே 75 எழுத்துக் கொண்ட பொதிக்கு 600 துணுக்குகள். அதனை அனுப்ப அரை நொடி போதும். வானொலிப் பெட்டி விழித்து ஆயத்தமாகச் சற்று நேரம் பிடிக்கும். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நொடிக்குள் செய்தி புறப்பட்டுவிடும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கெனப் பயன்படும் அதிர்வெண் 144.390 மெகாஹெர்ட்ஸ் ஆகும். வட அமெரிக்காவிலும் இதுவே. ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ் பயன்படுகிறது. ஒரு வட்டாரத்தார் அனைவரும் ஒரே அதிர்வெண்ணைப் பகிர்ந்துகொள்வதால் ஒழுங்கு தேவைப்படுகிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரு செய்தியும் சிதையும். ஆகவே பேசுமுன் கேட்க வேண்டும். வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் பொறுத்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் அடிக்கடி பேசலாகாது. வகுப்பறையில் நாம் கற்கும் ஒழுக்கமும் இதுவேயன்றோ?

ஒவ்வொரு பொதியின் இறுதியிலும் ஒரு சோதனை எண் இருக்கும். கேட்கும் நிலையம் தானும் அக்கணக்கைச் செய்து பார்க்கும். விடை ஒத்து வராவிடில், வழியில் பிழை நேர்ந்துள்ளது என்று கொண்டு அப்பொதியைத் தள்ளிவிடும். தவறான இடத்தை அறிவிப்பதினும் அறிவியாதிருப்பதே நன்று. டைட்டானிக் தந்த இரண்டாம் பாடத்தின் ஒரு பகுதி இங்கே காப்பாற்றப்படுகிறது.

மலையும் அலையும்

144 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். இத்தகைய அலை பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே செல்லும். பூமியோ உருண்டையானது. ஆகவே ஓர் எல்லைக்கு அப்பால் தரை மறைத்துவிடும். உயரம் கூடினால் எல்லையும் விரியும்.

இதற்கு எளிய கணக்கு உண்டு. கம்பியின் உயரம் எத்தனை மீட்டர் என்று பார்க்க வேண்டும். எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் அவ்வுயரம் கிடைக்குமோ, அந்த எண்ணை 4.12-ஆல் பெருக்கினால் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் உயரத்திற்கு அந்த எண் 10. ஆகவே எல்லை ஏறத்தாழ 41 கிலோமீட்டர். 400 மீட்டர் உயரத்திற்கு அந்த எண் 20. எல்லை ஏறத்தாழ 82 கிலோமீட்டர். உயரம் நான்கு மடங்கானால் தொலைவு இரு மடங்காகிறது. ஏறத்தாழ 164 மீட்டர் உயரமுள்ள சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றுக்கு 53 கிலோமீட்டரும், ஏறத்தாழ 830 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலைக்கு 119 கிலோமீட்டரும் எல்லையாகும். இடையில் வேறொரு மலையோ அடர்ந்த காடோ இருந்தால் அந்த அளவு குறையும்.

பள்ளத்தாக்கில் செல்லும் வண்டியின் குரல் சில கிலோமீட்டருக்கு அப்பால் எட்டாது. அக்குரலை உயரத்தில் உள்ள ஒரு நிலையம் கேட்டு மீண்டும் ஒலித்தால் மிகத் தொலைவில் உள்ளோரும் கேட்பர். இவ்வாறு கேட்டதை அப்படியே மறுமுறை ஒலிக்கும் நிலையத்தை டிஜிபீட்டர் என்பர். நாம் அதனை மறு ஒலிப்பு நிலையம் எனலாம்.

இதனை நம் விழா ஒன்றால் விளக்குவோம். தைப்பூசத்தை முன்னிட்டு இரவில் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளி இரதம் பத்துமலையை நோக்கிப் புறப்படுகிறது. வழி நெடுகிலும் மக்கள் காத்திருப்பர். "தேர் எங்கே வருகிறது?" என்பதே எல்லார் வாயிலும் எழும் கேள்வி. "அந்த முச்சந்தியைத் தாண்டிவிட்டது" என்று முன்னால் நிற்பவர் கூற, அடுத்தவர் அதனை அவருக்கு அடுத்தவரிடம் கூறுவார். இரதத்தைக் காணாதவரும் அது வரும் இடத்தை அறிந்து அருச்சனைத் தட்டை ஆயத்தம் செய்வர். மறு ஒலிப்பு நிலையம் செய்வதும் இதுவேயாகும். ஆனால் இச்செய்தி முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கலாகாது. ஆகவே எத்தனை முறை மறு ஒலிப்புச் செய்யலாம் என்னும் எண்ணைப் பொதியிலேயே எழுதிவிடுவர். ஒவ்வொரு முறையும் அவ்வெண் ஒன்று குறையும். சுழியமானால் பயணம் நின்றுவிடும்.

இணைய வாயில்

மறு ஒலிப்பு நிலையங்கள் எத்தனை இருந்தாலும் ஈப்போவில் எழும் செய்தியை வானொலி அலையாலேயே லண்டனுக்குக் கொண்டு செல்ல இயலாது. இங்கேதான் நம் கட்டுரையின் தலைவனாகிய இணைய வாயில் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இதனை ஐகேட் என்பர்.

இணைய வாயிலின் ஒரு கை வானொலியில்; மற்றொரு கை இணையத்தில். அது 144.390 மெகாஹெர்ட்ஸில் இடையறாது கேட்டுக்கொண்டிருக்கும். பொதி ஒன்று வந்ததும் சோதனை எண்ணைச் சரிபார்க்கும். 'இதனைக் கேட்டது நான்' என்பதற்கு அடையாளமாகத் தன் அழைப்புக்குறியையும் சேர்த்து, இணையத்தில் உள்ள ஏ.பி.ஆர்.எஸ். வழங்கிக் கணினிக்கு அனுப்பிவிடும். உலகின் பல நாடுகளில் உள்ள இத்தகைய கணினிகள் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. ஒன்றில் புகுந்த செய்தி நொடிப்பொழுதில் மற்றவற்றையும் அடைகிறது. பின்லாந்து நாட்டு வானொலியாளர் ஒருவர் அமைத்த இணைய வரைபடம் போன்றவற்றில், வண்டி இருக்கும் இடம் ஒரு சிறு படமாகத் தோன்றுகிறது. கோலாலம்பூரில் செல்லும் வண்டியை லண்டனில் உள்ள நண்பர் காண்கிறார்.

ஒரே பொதியை மூன்று வாயில்கள் கேட்டு அனுப்பினால் என்ன ஆகும்? வழங்கிக் கணினி முதலில் வந்ததை ஏற்றுக்கொள்ளும். அரை நிமிடத்திற்குள் அதே செய்தி மீண்டும் வந்தால் தள்ளிவிடும். ஆகவே பல வாயில்கள் இருப்பதால் குழப்பம் நேர்வதில்லை, நன்மையே விளைகிறது. ஒரு வாயில் மின்சாரம் இன்றி உறங்கினாலும் மற்றொன்று விழித்திருக்கும். டைட்டானிக்கின் முதற்பாடத்திற்கு இதுவே விடை.

இத்தகைய வாயிலை அமைக்கப் பெரும்பொருள் தேவையில்லை. கூரைமேல் ஒரு கம்பி, ஒரு வானொலிப் பெட்டி, உள்ளங்கை அளவே உள்ள ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி, இணையத் தொடர்பு ஆகியவை போதும். தேவைப்படுவது பொருளினும் பொறுமையே. இடி மின்னலுக்குப் பின் கம்பியைச் சரிபார்ப்பதும், மின்தடைக்குப் பின் கணினியை எழுப்புவதும், யாரும் பாராட்டாவிடினும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் அப்பணியின் பகுதிகளாகும்.

காது உண்டு, வாய் இல்லை

இங்கே நாம் நன்கு சிந்திக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இணைய வாயில்களுள் பல, கேட்பதற்கு மட்டுமே அமைந்தவை. அவற்றில் ஒலிபரப்பும் கருவி இல்லை. அவை வானொலிச் செய்தியை இணையத்திற்குக் கொண்டு செல்லும். இணையத்திலிருந்து ஒரு சொல்லையும் திரும்பக் கொண்டு வரமாட்டா.

இருப்பிடத்தை மட்டும் வரைபடத்தில் காண்பதற்கு அது போதும். ஆயினும் இம்முறையில் இருப்பிடம் மட்டுமன்றிச் சிறு மடல்களும் செல்கின்றன. ஒரு மடலில் 67 எழுத்து வரை எழுதலாம். மடலைப் பெற்றவரின் கருவி, "பெற்றேன்" என்று தானே மறுமொழி அனுப்பும். அம்மறுமொழி வந்து சேரும்வரை அனுப்பியவரின் கருவி பலமுறை முயன்றுகொண்டிருக்கும்.

மலைச்சாரலில் நடந்து செல்லும் வானொலியாளர் ஒருவர், "பாலம் உடைந்துள்ளது, மாற்று வழி கூறுக" என்று ஊரிலுள்ள நண்பருக்கு மடல் அனுப்புவதாகக் கொள்வோம். அருகில் கேட்கும் வாயில் மட்டும் இருந்தால் நண்பர் மடலைப் படிப்பார், மறுமொழியும் எழுதுவார். ஆனால் அம்மறுமொழி இணையத்திலேயே தங்கிவிடும். மலையில் நிற்பவரோ, தம் சொல் யாருக்கும் எட்டவில்லை என்று எண்ணி மனம் சோர்வார். வாயிலில் ஒலிபரப்பும் கருவியும் இருந்தால், அம்மனிதரை அண்மையில் கேட்ட வாயில் மறுமொழியை வானொலியில் ஒலிக்கும். "பெற்றேன்" என்னும் ஒரு சொல் அவருக்குத் தெம்பூட்டும், வழியும் காட்டும்.

ஆகவே வாயில் என்பது உள்ளே செல்லவும் வெளியே வரவும் உதவ வேண்டும். புருனிங்கா வலியுறுத்திய கருத்தும் இதனோடு ஒத்ததே. கேட்டல் முதற்கடமை, மறுமொழி தருதல் அதனை நிறைவு செய்யும் கடமை.

வானத்திலும் ஒரு நிலையம்

நிலத்தில் மலை எவ்வளவு உயரமோ அவ்வளவே எல்லை என்று கண்டோம். அப்படியாயின் வானத்திலேயே மறு ஒலிப்பு நிலையம் இருந்தால் எத்துணைத் தொலைவு எட்டும்! அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி மாணவர்கள் அமைத்த பி.சி.சாட் என்னும் சிறு செயற்கைக்கோள் 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் இதற்கென்றே ஏவப்பட்டது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் 145.825 மெகாஹெர்ட்ஸில் செய்திப் பொதிகளை மறு ஒலிப்புச் செய்யும் வானொலி பொருத்தப்பட்டுள்ளது.

நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவும் இத்துறையில் பெருமை பெற்றுள்ளது. அந்நாட்டின் லாப்பான்-ஏ2 செயற்கைக்கோள் 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா தளத்திலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தில் விண்ணேறியது. அமெச்சூர் வானொலிக்கான கருவியையும் அது சுமந்து சென்றது. அது நிலநடுக்கோட்டை ஒட்டி, ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுமாறு அமைக்கப்பட்டது. ஆகவே நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நம் வட்டாரத்தை நாள்தோறும் பலமுறை கடந்து செல்லும் வாய்ப்பு அதற்கு வாய்த்தது. வானில் மறு ஒலிப்பான செய்தியையும் தரையில் உள்ள ஓர் இணைய வாயில் கேட்டால்தான் அது வரைபடத்தை அடையும். விண்வெளி வரை சென்ற செய்திக்கும் ஒரு வீட்டுக் கூரைமேல் உள்ள கம்பியின் உதவி வேண்டியுள்ளது.

இணையம் இல்லாத நாளில்

புயல், வெள்ளம், நில அதிர்ச்சி முதலிய பேரிடர்க் காலத்தில் இணையமே அறுந்துவிட்டால் என்ன செய்வது? அப்பொழுதும் அவ்வட்டாரத்து வானொலிகளும் மறு ஒலிப்பு நிலையங்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்கும். மின்கலம் இருக்கும்வரை அவர்களுடைய வரைபடம் உயிரோடு இருக்கும். பாதிக்கப்படாத ஊரிலுள்ள வாயில் ஒன்றை அச்செய்தி எட்டினால் உலகமும் அறியும்.

அமெச்சூர் வானொலி இடர் வேளையில் எவ்வாறு துணை நின்றது என்பதற்கு நம் கடற்பகுதியிலேயே சான்று உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பினாங்கு, கெடா கரைகளையும், இந்தியாவின் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் தாக்கியது. அவ்வேளையில் பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணியும் அவருடைய குழுவினரும் அமெச்சூர் வானொலிப் பயணமாக அந்தமானில் இருந்தனர். மற்றத் தொடர்புகள் அறுந்தபோது, அவர்கள் தம் வானொலி வழியாகச் செய்திகளைத் தாயகத்திற்கு அனுப்பி உதவினர். அவர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் வாய்ப்பேச்சே, இருப்பிடப் பொதியன்று. எனினும் கருவி எதுவாயினும் கடமை ஒன்றே.

கருத்தில் கொள்ள வேண்டியவை

எந்த நல்ல கருவிக்கும் ஒழுங்குமுறை உண்டு. முதலாவதாக, அமெச்சூர் வானொலியில் செய்தியை மறைகுறியாக்கி அனுப்பலாகாது. ஒருவர் கூறும் இருப்பிடத்தை உலகத்தார் யாவரும் காண்பர். அது நெடுநாள் சேமித்தும் வைக்கப்படும். ஆகவே தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறிவிப்பதா, வேண்டாவா என்பதை ஒவ்வொருவரும் எண்ணித் துணிய வேண்டும். பிறருடைய இருப்பிடத்தை அவர் இசைவின்றி அறிவித்தல் முறையன்று.

இரண்டாவதாக, விளையாட்டிற்காகவேனும் பொய்யான இடத்தை அறிவித்தல் பெருங்குற்றம். ஒரு பொய்யால் தேடிச் செல்வோரின் உழைப்பும் பொழுதும் வீணாகும். அதே நேரத்தில் உண்மையாகவே உதவி வேண்டுவோர் கைவிடப்படுவர்.

மூன்றாவதாக, இம்முறை தொண்டர்களால் நடைபெறுவது. எவ்விடத்திலும் எந்நேரமும் ஒரு காது விழித்திருக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆபத்து வேளையில் மலேசியாவில் 999 என்னும் எண்ணையும், சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, தீயணைப்புக்கும் மருத்துவ ஊர்திக்கும் 995 என்னும் எண்ணையும் அழைப்பதே முதல் வழி. வானொலி அதற்குத் துணையேயன்றி மாற்று அன்று.

வகுப்பறையில் செய்து பார்ப்போம்

கருவி எதுவும் இன்றியே இம்முறையை விளையாடி அறியலாம். பள்ளித் திடலில் அறுவர் நிற்க வேண்டும். முதலாமவர் வண்டி, அவர் தம் பெயரையும் நிற்கும் கட்டத்தின் எண்ணையும் தாளில் எழுதி, மெல்லிய குரலில் ஒருமுறை மட்டும் படிக்க வேண்டும். இரண்டாமவர் மறு ஒலிப்பு நிலையம். கேட்டதை மாற்றாமல் உரக்கக் கூற வேண்டும். மூன்றாமவரும் நான்காமவரும் இணைய வாயில்கள். கேட்டதை எழுதி, தம் பெயரையும் சேர்த்து ஐந்தாமவரிடம் ஓடிச் சென்று தர வேண்டும். ஐந்தாமவர் வழங்கிக் கணினி. இரண்டு தாள் வந்தால் முதலில் வந்ததை மட்டும் ஏற்க வேண்டும். ஆறாமவர் கரும்பலகை வரைபடத்தில் புள்ளி இட வேண்டும்.

பின்னர் நான்காமவரை விலக்கிவிட்டு ஆடுங்கள். அடுத்து மூன்றாமவரையும் விலக்குங்கள். வண்டி எத்துணைத் தெளிவாகக் கூறினாலும் கரும்பலகை வெறுமையாகவே இருக்கும். அப்பொழுது வாயிலின் அருமை தானே விளங்கும்.

முடிவுரை

மாணவமணிகளே! பேசுவதற்குப் பல கோடிப் பேர் இருக்கும் இவ்வுலகில் கேட்பதற்கு ஆள் குறைவு. வீட்டுக் கூரைமேல் ஒரு கம்பியை நட்டு, முன்பின் அறியாதவரின் ஒரு நொடிக் குரலுக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பவரே இணைய வாயிலை நடத்துபவர். தாம் கேட்ட செய்தியில் ஒரு புள்ளியையும் கூட்டாமல் குறைக்காமல் முன்னே அனுப்புகிறார். "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒருவர் கூறும்போது, "கேட்டேன்" என்று கூற ஒருவர் இருப்பதே மனித உறவின் அடிப்படையாகும். வானொலி கற்க விழைவோர் கணிதத்தையும் அறிவியலையும் ஊன்றிப் படியுங்கள். வளர்ந்தபின் தேர்வு எழுதி உரிமம் பெறுங்கள். அதுவரை, உங்கள் அருகில் மெல்லிய குரலில் பேசும் தோழரின் சொல்லுக்குச் செவி கொடுங்கள். நல்ல வாயிலுக்கு அதுவே முதற்பயிற்சி.

பயிற்சி வினாக்கள்

1. ஜி.பி.எஸ். கருவி இருந்தும் பிறருக்கு நம் இருப்பிடம் தெரியாமல் போவது ஏன்?
2. 90 எழுத்துக் கொண்ட ஒரு பொதியை நொடிக்கு 1,200 துணுக்கு வேகத்தில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?
3. 900 மீட்டர் உயரமுள்ள மலையிலிருந்து வானொலி அலையின் எல்லை எத்தனை கிலோமீட்டர்?
4. மறு ஒலிப்பு நிலையத்திற்கும் இணைய வாயிலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
5. கேட்க மட்டுமே வல்ல வாயிலால் மலையில் நிற்பவருக்கு நேரும் குறை யாது? அதனை எவ்வாறு நீக்கலாம்?